கொள்ளை நோயும் வீட்டுச் சேமிப்பும்

நோய் பரவும் காலத்தில் வீட்டில் உணவுப் பொருளை வாங்கிச் சேர்த்து வைப்பது அறிவுடைமையா, சுயநலமா? 2020-ஆம் ஆண்டுக்குப் பிறகு என் கடைக்கு வரும் நம்மவர்கள் பலர் இந்தக் கேள்வியை என்னிடம் கேட்டிருக்கிறார்கள். "முன்ஜாக்கிரதையா வாங்கி வச்சா பதுக்கல்ன்னு சொல்றாங்க. வாங்காம இருந்தா அப்புறம் கிடைக்க மாட்டேங்குது. என்னதான் பண்றது அண்ணாச்சி?" என்பார்கள். (நான் வந்தவாசிப் பக்கத்துக்காரன். ஆனாலும் மும்பையில் மளிகைக் கடை வைத்திருக்கும் தமிழன் என்றால் நம் மக்களுக்கு அவன் அண்ணாச்சிதான். சைனன் என்று தெரிந்தால் "அப்போ நீங்க மார்வாரியா?" என்று கேட்பவர்களும் உண்டு. தாய்மொழி தமிழாகவே உள்ள சைனர்கள் வடஆர்க்காடு, தென்னார்க்காடு பகுதிகளில் தலைமுறை தலைமுறையாக வாழ்கிறோம் என்பதை இந்த மலரின் வாசகர்களுக்குச் சொல்லி வைக்கிறேன்.)

நான் பள்ளி இறுதி வகுப்புக்கு மேல் படித்தவன் அல்லன். மற்றதெல்லாம் கல்லாவில் உட்கார்ந்தபடி படித்ததுதான். ஆகவே இக்கட்டுரையில் கடைக் கணக்கும் வரும், சரித்திரமும் வரும், எங்கள் அற நூல்களில் படித்த ஒன்றிரண்டு கருத்தும் வரும். மூன்றும் ஒரே இடத்தில் வந்து சேர்வதைக் கடைசியில் காணலாம்.

நாட்டில் தானியம் இல்லையா?

முதலில் ஒரு தவறான எண்ணத்தை நீக்கிக்கொள்வோம். 2020 மார்ச்சில் கடைகளில் அலமாரி காலியானதைப் பார்த்தவர்கள் நாட்டிலேயே தானியம் தீர்ந்துவிட்டது என்று எண்ணினார்கள். உண்மை நேர் எதிர். அந்த ஆண்டு ஏப்ரல் முதல் தேதியில் மத்திய தொகுப்பில் அரிசியும் கோதுமையும் சேர்த்து 7 கோடி டன்னுக்கு மேல் இருந்தது. அந்தத் தேதியில் கட்டாயம் இருக்க வேண்டும் என்று அரசு வகுத்த அளவு சுமார் 2 கோடியே 10 லட்சம் டன். அதாவது வேண்டியதைப் போல மூன்று மடங்குக்கு மேல் கையிருப்பு. அதனால்தான் சுமார் 80 கோடிப் பேருக்கு ஆளுக்கு மாதம் 5 கிலோ தானியம் இலவசமாகக் கொடுக்கும் திட்டத்தை உடனே தொடங்க முடிந்தது.

பிறகு ஏன் கடையில் சரக்கு இல்லை? தானியம் கிடங்கில் இருந்தது. அதைக் கொண்டு வருகிற கைகள் இல்லை. மில்லில் ஆள் இல்லை. மூட்டை தூக்கும் தொழிலாளி ஊருக்குக் கிளம்பிவிட்டார். லாரி டிரைவருக்கு வழியில் சாப்பாட்டுக் கடை இல்லை. பாக்கெட் போடும் பிளாஸ்டிக் உறை செய்கிற ஆலை மூடிக் கிடந்தது. எது அத்தியாவசியப் பொருள், எது இல்லை என்று மாநில எல்லையில் வாக்குவாதம். மார்ச் 29-ந் தேதி உள்துறை அமைச்சகம், எல்லாச் சரக்கு வண்டிகளையும் பாகுபாடின்றி விடலாம் என்று தெளிவுபடுத்திய பிறகுதான் நிலைமை மெல்லச் சீரானது.

இதில் ஒரு பாடம் இருக்கிறது. நோய்க் காலத்தில் நமக்கு வரும் முட்டுப்பாடு பஞ்சத்தால் வருவதன்று. அது போக்குவரத்துத் தடையால், சில நாள் அல்லது சில வாரம் நீடிப்பது. ஆகவே நாம் தயாராக வேண்டியதும் சில வாரத்துக்குத்தான், ஒரு வருஷத்துக்கு அன்று.

ஒரு கடையின் கணக்கு

மளிகைக் கடை என்பது ஒரு தண்ணீர்த் தொட்டி போன்றது. ஒரு பக்கம் வருகிறது, மறு பக்கம் போகிறது. தொட்டியில் எப்போதும் கொஞ்சம்தான் நிற்கும். நிறைய நிறுத்தி வைத்தால் முதலும் முடங்கும், வண்டும் விழும்.

புரிவதற்காக ஒரு கணக்குப் போடுகிறேன். ஒரு கடையை நம்பி 300 குடும்பங்கள் இருப்பதாக வைத்துக்கொள்வோம். ஒரு குடும்பத்துக்கு மாதம் 20 கிலோ அரிசி. மொத்தம் மாதத்துக்கு 6,000 கிலோ. நாளுக்கு 200 கிலோ. கடைக்காரர் பத்து நாள் சரக்கு வைத்திருக்கிறார் என்றால் 2,000 கிலோ, அதாவது 25 கிலோ மூட்டையாக 80 மூட்டை.

ஒரு நாள் மாலை திடீரென்று ஒரு செய்தி வருகிறது. 300 பேரும் பையோடு வந்து ஆளுக்கு ஒரு மாத அரிசியைக் கேட்கிறார்கள். முதலில் வந்த 100 பேரோடு 2,000 கிலோவும் தீர்ந்தது. மீதி 200 குடும்பத்துக்கு ஒரு பிடி இல்லை. அந்த 100 பேரும் கெட்டவர்கள் அல்லர். யாரும் தேவைக்கு மேல் உண்ணப் போவதும் இல்லை. ஆனாலும் 200 வீட்டில் அடுப்பு எரியாது.

அதே மாலையில் அந்த 300 பேரும் ஆளுக்கு ஒரு வாரத்துக்கான 5 கிலோ மட்டும் கேட்டிருந்தால்? 1,500 கிலோ போக இன்னும் 500 கிலோ கடையில் மிச்சம் இருக்கும்.

இன்னொரு விதமாகவும் பாருங்கள். நோயும் இல்லை, செய்தியும் இல்லை, சாதாரண நாள். ஒவ்வொரு குடும்பமும் வழக்கமான மாதச் சாமானோடு 2 கிலோ அரிசி மட்டும் கூடுதலாக வாங்கித் தனியே வைக்கிறது. கடைக்கு மாதம் 600 கிலோ, அதாவது நாளுக்கு 20 கிலோ கூடுதல் விற்பனை. எந்தக் கடைக்காரரும் இதைச் சிரமமின்றிச் சமாளிப்பார். அடுத்த லோடில் மூட்டையைக் கூட்டி எழுதிவிடுவார். விலையும் ஏறாது. ஐந்தே மாதத்தில் 300 வீட்டிலும் தலா 10 கிலோ அரிசி கையிருப்பில் இருக்கும். யாருடைய பங்கையும் யாரும் எடுக்கவில்லை.

சேமிப்புக்கும் பதுக்கலுக்கும் உள்ள வேறுபாட்டை இந்தக் கணக்கிலேயே காணலாம். வாங்கும் காலம் எது, வாங்கும் அளவு எவ்வளவு என்ற இரண்டும்தான் அதைத் தீர்மானிக்கின்றன. சரக்கு தாராளமாக இருக்கும்போது சிறுகச் சிறுகச் சேர்ப்பவர் கடைக்கு உதவி செய்கிறார். ஆபத்து வந்த அன்று அவர் வரிசையில் நிற்க வேண்டியதில்லை; அவருடைய இடத்தில் இல்லாதவர் ஒருவர் நிற்கலாம். சரக்கு குறையும் நேரத்தில் மொத்தமாக அள்ளுபவர் மற்றவர் தட்டிலிருந்து எடுக்கிறார்.

கடைசி நேரக் கூட்டம்

கடைசி நேரத்தில் வாங்குவதில் இன்னொரு தீங்கும் உண்டு. எந்த நோய்க்குப் பயந்து ஓடுகிறோமோ அதைக் கூட்டத்தில் நின்று நாமே வாங்கிக்கொண்டு வருகிறோம்.

2020 மார்ச் 19-ந் தேதி பிரதமர் தொலைக்காட்சியில் பேசியபோது பொருள்களை வாங்கிக் குவிக்க வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். 22-ந் தேதி ஒரு நாள் ஊரடங்கு நடந்தது. 24-ந் தேதி இரவு 8 மணிக்கு 21 நாள் ஊரடங்கை அறிவித்தார். அன்று நள்ளிரவு 12 மணிக்கே அது அமலுக்கு வந்தது. இடையில் இருந்தது நான்கு மணி நேரம். அன்று இரவு நாட்டின் பல நகரங்களில் கடை வாசலில் இருந்த கூட்டத்தை நாம் எல்லோருமே பார்த்தோம்.

நம் தாய்த் தமிழகத்தில் நடந்ததையும் மறந்துவிடக் கூடாது. சென்னை, கோவை, மதுரை மாநகராட்சிகளில் ஏப்ரல் 26 முதல் 29 வரை முழு ஊரடங்கு என்று 24-ந் தேதி அறிவித்தார்கள். நாலே நாள்தான். ஆனால் 25-ந் தேதி சந்தைகளிலும் கடைகளிலும் தோளோடு தோள் உரசும் கூட்டம். அடுத்த சில நாட்களில் கோயம்பேடு சந்தையோடு தொடர்புடைய கொரோனா நோயாளிகள் கடலூர், விழுப்புரம், அரியலூர் என்று மாவட்டம் மாவட்டமாகக் கண்டுபிடிக்கப்பட்டனர். மே 5-ந் தேதி சந்தையையே மூடிக் காய்கறி வியாபாரத்தைத் திருமழிசைக்கு மாற்றினார்கள். கோயம்பேடு மீண்டும் படிப்படியாகத் திறக்க செப்டம்பர் ஆயிற்று. இங்கே நவி மும்பை வாஷி மொத்தச் சந்தையையும் அதே மே மாதம் 11-ந் தேதி முதல் ஒரு வாரம் மூட வேண்டி வந்தது.

நாலு நாளைக்கு வேண்டிய பருப்பும் புளியும் வீட்டில் முன்பே இருந்திருந்தால் அந்த ஏப்ரல் 25-ந் தேதி எத்தனை பேர் வெளியே வராமல் இருந்திருக்கலாம் என்று எண்ணிப் பாருங்கள். வீட்டில் இருக்கும் இரண்டு வாரச் சாமான் வயிற்றுக்கு மட்டும் அன்று, நோய்த் தடுப்புக்கும் உதவுகிறது.

நோய்க்கு நோய் வேறுபடும்

"நோய்க் காலம்" என்று பொதுவாகச் சொல்லிவிடுகிறோம். ஆனால் எந்த நோய் எப்படிப் பரவுகிறது என்பதைப் பார்த்தே எதைச் சேர்ப்பது என்று முடிவு செய்ய வேண்டும்.

மூச்சுக் காற்றால் பரவும் நோய் ஒரு வகை. கொரோனா, இன்ஃபுளுயென்சா போன்றவை இதில் சேரும். இவற்றில் கூட்டத்தைத் தவிர்ப்பதே முதல் மருந்து. ஆகவே வீட்டில் உணவு இருப்பது பெரும் பயன். வீட்டில் ஒருவருக்கு நோய் வந்துவிட்டால் மற்றவர்களும் வெளியே போக முடியாது. கொரோனா தொடக்க காலத்தில் தனிமைப்படுத்த வைத்த காலம் 14 நாள். இந்த 14 நாள் என்பதை நம் சேமிப்புக்கும் அளவுகோலாக வைத்துக்கொள்ளலாம்.

தண்ணீராலும் அசுத்தமான உணவாலும் பரவும் நோய் இரண்டாவது வகை. காலரா, மஞ்சள் காமாலை, டைபாய்டு முதலியன. இவற்றுக்கு அரிசி மூட்டை பயன்படாது. காய்ச்சிய நீரும், மூடி வைத்த பாத்திரமும், சூடாகச் சமைத்து உடனே உண்பதும்தான் காக்கும். உப்புச் சர்க்கரைக் கரைசல் பாக்கெட் நாலைந்து எல்லா வீட்டிலும் இருக்கட்டும். அது இல்லாத நேரத்தில் காய்ச்சி ஆற வைத்த ஒரு லிட்டர் நீரில் தலை தட்டிய ஆறு டீஸ்பூன் சர்க்கரையும் அரை டீஸ்பூன் உப்பும் கலந்து கொடுக்கலாம். அளவு மாறக் கூடாது.

மூன்றாவது வகை எலியால் வருவது. இதற்கு இந்த மும்பையே சாட்சி. 1896 செப்டம்பரில் பம்பாயில் பிளேக் முதலில் கண்டுபிடிக்கப்பட்ட இடம் மாண்ட்வி. கண்டுபிடித்தவர் டாக்டர் அகாசியோ வியேகாஸ். துறைமுகத்தை ஒட்டித் தானியக் கிடங்குகள் நெருங்கி நின்ற பகுதி அது. தானியம் இருக்கும் இடத்தில் எலி. எலி இருக்கும் இடத்தில் தெள்ளுப்பூச்சி. எலியின் மேலுள்ள தெள்ளுப்பூச்சியே நோயைக் கொண்டு வருகிறது என்பதை 1898-இல் கராச்சியில் பிரெஞ்சு மருத்துவர் சீமோன் கண்டுசொன்னார். அதுவரை வீட்டைக் கொளுத்தினார்கள், சுண்ணாம்பு அடித்தார்கள், மக்களை இழுத்துப் போய் முகாமில் வைத்தார்கள், எலியைக் கவனிக்கவில்லை. ஆகவே பிளேக் போன்ற நோயில் மூடியில்லாத மூட்டைகளை வீட்டில் அடுக்குவது நோயை விருந்துக்கு அழைப்பதாகும். எலி புகாத தகர டப்பாவில் கொஞ்சமாக வைப்பதே சரி.

1994 செப்டம்பரில் சூரத்தில் நிமோனியா வகைப் பிளேக் என்ற செய்தி பரவியபோது நடந்தது பெரியவர்களுக்கு நினைவிருக்கும். சில நாளில் லட்சக்கணக்கானோர் ஊரை விட்டே போனார்கள். அப்போது பலர் அள்ளிக்கொண்டது அரிசியையோ கோதுமையையோ அல்ல, டெட்ராசைக்ளின் மாத்திரையை. நோயே இல்லாதவர்கள் பெட்டி பெட்டியாக வாங்கியதால் மருந்துக் கடைகளில் அது இல்லாமற் போயிற்று. 2020-இல் முகக்கவசத்துக்கும் கை சுத்தம் செய்யும் திரவத்துக்கும் அதே கதி. மார்ச் 13-ந் தேதி இரண்டையும் அத்தியாவசியப் பொருளாக அறிவித்து, பிறகு 200 மில்லி திரவம் 100 ரூபாய்க்கு மேல் விற்கக் கூடாது என்று விலை கட்ட வேண்டி வந்தது. மருந்தைப் பொறுத்தவரை என் கருத்து இதுதான்: தினம் சாப்பிடும் சர்க்கரை, இரத்த அழுத்த மாத்திரையை ஒரு மாதத்துக்கு முன்கூட்டி வாங்கி வையுங்கள். வராத நோய்க்கான மருந்தைத் தொடாதீர்கள். அது படுக்கையில் கிடக்கும் ஒருவருடையது.

வதந்தியின் வேகம்

நோய் இல்லாமலே வதந்தி மட்டும் கடையைக் காலி செய்த கதையும் உண்டு. 2016 நவம்பரில் உப்புக்குத் தட்டுப்பாடு என்று ஒரு புரளி கிளம்பியது. உத்தரப் பிரதேசத்திலும் டெல்லியிலும் மக்கள் இரவோடு இரவாகக் கடைகளை முற்றுகையிட்டு, பல மடங்கு விலை கொடுத்து உப்பு வாங்கினார்கள். மூன்று பக்கம் கடலும், குஜராத்தில் கண்ணுக்கெட்டிய தூரம் உப்பளமும் உள்ள நாடு இது! ஒரு வீட்டுக்கு மாதம் ஒரு கிலோ உப்பு போதும். அன்று பத்து கிலோ வாங்கியவர் அதைக் கரைத்து என்ன செய்தாரோ!

இம்மாதிரி நேரத்தில் கடைக்காரனுக்கும் கடமை இருக்கிறது. "ஒரு வீட்டுக்கு இவ்வளவுதான்" என்று பலகையில் எழுதிப் போட்டு, தெரிந்தவர், தெரியாதவர் என்று பாராமல் அதன்படி கொடுக்க வேண்டும். 1955-ஆம் ஆண்டின் அத்தியாவசியப் பொருள் சட்டம் வியாபாரிகளைத்தான் கட்டுப்படுத்துகிறது. 2021 ஜூலையில் பருப்பு விலை ஏறியபோது சில்லறைக் கடைக்கு 5 டன் என்று வரம்பு வைத்தார்கள். வீட்டுக்கு அப்படி ஒரு வரம்பு இல்லை. வீட்டுக்கு வரம்பு வைப்பது யார்?

அற நூல் வைத்த வரம்பு

இங்கேதான் எங்கள் முன்னோர் சொன்னது பயன்படுகிறது. சமயப் பிரசாரம் என்று எண்ண வேண்டாம். எந்தச் சமயத்தவரும் கைக்கொள்ளத் தக்க ஒரு கருத்து என்பதால் சொல்கிறேன்.

சைன நெறியில் இல்லறத்தாருக்கு ஐந்து விரதங்கள். ஐந்தாவது, பொருளுக்கு அளவு வைத்துக்கொள்வது. வடமொழியில் பரிக்கிரக பரிமாணம் என்பார்கள். துறவி எல்லாவற்றையும் விடுவார். இல்லறத்தான் அப்படி விட முடியாது. பிள்ளை குட்டிகள் உண்டு. ஆகவே "எனக்கு இவ்வளவு போதும்" என்று தானே முன்கூட்டி ஓர் அளவைக் குறித்துக்கொள்ள வேண்டும். எதற்கெல்லாம் அளவு என்று தத்துவார்த்த சூத்திரம் கூறும் பட்டியலில் நிலம், வீடு, பொன் ஆகியவற்றோடு தானியமும் இருக்கிறது. சமந்தபத்திரர் இரத்தினகரண்டக சிராவகாசாரத்தில் இந்த விரதத்துக்கு வரக்கூடிய குற்றங்கள் ஐந்து என்கிறார். அவற்றுள் ஒன்றின் பெயரே அதிசங்கிரகம், அதாவது அளவு மீறிச் சேர்த்தல். இந்நூலின் வழியில் தமிழில் எழுந்த இல்லற நூல்தான் அருங்கலச்செப்பு.

இதில் நான் கவனித்த நுட்பம், சேர்க்கவே கூடாது என்று நூல் சொல்லவில்லை என்பது. அளவை அமைதியான நாளில், பயமும் ஆசையும் இல்லாத மனத்தோடு தீர்மானிக்கச் சொல்கிறது. பயம் வந்த பிறகு எந்த மனிதனுக்கும் அளவு தெரியாது. "இன்னும் ஒரு மூட்டை இருக்கட்டும்" என்றுதான் வாய் சொல்லும்.

கொல்லாமை விரதமும் இதே வரம்பைத்தான் காட்டுகிறது. அளவுக்கு மேல் வைத்த தானியத்தில் வண்டும் புழுவும் உண்டாகும். பிறகு அவற்றைக் கொல்ல வேண்டி வரும். அரைத்த மாவை மழைக்காலத்தில் மூன்று நாளுக்கு மேல் வைக்காத வழக்கம் எங்களில் நியமமாக இருப்பவர்களிடம் உண்டு. பூச்சி பிடிக்காமல் எவ்வளவு காக்க முடியுமோ அவ்வளவே நமக்கு உரியது என்று இதிலிருந்து நான் பொருள் கொள்கிறேன். மும்பை மழைக்காலத்தில் ரவை வாங்கி வைத்துப் பார்த்தவர்களுக்கு இது நன்றாக விளங்கும்!

எதை, எவ்வளவு, எப்படி?

நான்கு பேர் உள்ள தமிழ்க் குடும்பத்துக்கு 14 நாளுக்கான கணக்கு இது. கடை அனுபவத்தில் சொல்கிறேன். உங்கள் வீட்டு வழக்கப்படி கூட்டிக் குறைத்துக்கொள்ளலாம்.

அரிசி 10 கிலோ. கோதுமை மாவு, ரவை, அவல் மூன்றும் சேர்த்து 5 கிலோ. துவரை, பாசிப் பருப்பு, உளுந்து சேர்த்து 3 கிலோ. இதோடு கொண்டைக்கடலை, காராமணி, மொச்சை என்று ஒரு கிலோ. எண்ணெய் 2 லிட்டர். சர்க்கரை அல்லது வெல்லம் 2 கிலோ. உப்பு ஒரு கிலோ. புளி அரை கிலோ. மிளகாய், மல்லி, மிளகு, சீரகம், மஞ்சள் வழக்கம் போல. பால் பவுடர் ஒரு கிலோ. கைக்குழந்தை இருந்தால் அதற்கு வேண்டியது தனி. சமையல் எரிவாயுவில் மாற்று சிலிண்டர் நிரம்பியே இருக்கட்டும். காலியான அன்றே பதிவு செய்துவிட வேண்டும்.

காய்கறிக்குக் கவலை வேண்டாம். முழுப் பூசணி, பரங்கி வெட்டாமல் வைத்தால் வாரக்கணக்கில் நிற்கும். நம் பாட்டிமார் மாசி, பங்குனி வெயிலில் போட்ட மணத்தக்காளி வற்றல், சுண்டை வற்றல், கொத்தவரை வற்றல், மோர் மிளகாய், வடகம், அப்பளம், மாவடு இவை எல்லாம் எதற்கு? கடை இல்லாத நாளுக்குத்தான். ஊரில் குதிரும் பத்தாயமும் இருந்தன. விதைத் துவரைக்குச் செம்மண் கட்டினார்கள். தானியத்தில் வேப்பிலையும் நொச்சியும் போட்டார்கள். இங்கே நம் அண்டை வீட்டுக் குஜராத்தியரும் மராத்தியரும் ஏப்ரல், மே வெயிலில் வருஷக் கோதுமை வாங்கிக் காய வைத்து, ஆமணக்கு எண்ணெய் தடவி டின்னில் போடுவதைப் பார்த்திருப்பீர்கள். நாம் அடுக்கு மாடிக்கு வந்த பிறகு அதெல்லாம் போய், சாயங்காலம் வேண்டிய தயிரைச் சாயங்காலம் வாங்குகிறோம்.

சில விதிகள். பழையது முன்னே, புதியது பின்னே. வாங்கிய மாதத்தை டப்பாவில் எழுதி ஒட்டுங்கள். தனியாகப் பூட்டி வைக்காமல் அதிலிருந்தே எடுத்துச் சமைத்து, எடுத்ததை நிரப்பி வாருங்கள். மாவைக் குறைத்து முழுத் தானியத்தைக் கூட்டுங்கள். ரவையை வறுத்து வைத்தால் சீக்கிரம் பூச்சி வராது. வேர்க்கடலையில் ஈரமோ பூசணமோ கண்டால் முழுவதையும் எறிந்துவிடுங்கள்; அந்தப் பூசணம் ஈரலைக் கெடுக்கும். முக்கியமாக, கிடங்கில் போடும் அலுமினியம் பாஸ்பைடு மாத்திரையை எந்தக் காரணத்துக்கும் வீட்டுத் தானியத்தில் போடாதீர்கள். அதிலிருந்து வரும் வாயு மனிதரைக் கொல்லும். குடும்பத்தோடு மாண்டவர்கள் உண்டு.

வாங்கி வைக்க முடியாதவர்கள்

இதுவரை சொன்னது எல்லாம் கையில் காசும், வீட்டில் இடமும் உள்ளவர்களுக்கு. நம் தமிழர் எல்லோரும் அப்படி இருக்கிறார்களா? தாராவியில் பத்துக்குப் பத்து அறையில் ஆறு பேர் வாழும் வீட்டில் 10 கிலோ அரிசியை எங்கே வைப்பது? அன்றைய கூலியில் அன்றைக்கு அரிசி வாங்குபவர் எதைச் சேர்ப்பார்? வேலைக்கு வந்து மெஸ்ஸில் சாப்பிடும் பிள்ளைகள், மெஸ் மூடினால் என்ன செய்வார்கள்? ஊரில் இருந்தால் சித்தப்பா வயலிலிருந்து ஒரு மூட்டை வரும். இங்கே யார் இருக்கிறார்கள்?

பஞ்சத்தில் மக்கள் சாவது பெரும்பாலும் உணவு இல்லாததால் அன்று, இருக்கும் உணவை அடைய வழி இல்லாததால் என்பதை அமர்த்தியா சென் 1981-இல் எழுதிய நூலில் வங்கப் பஞ்சத்தை வைத்து விளக்கினார். கொள்ளை நோயிலும் இதே கதைதான். 1918-இல் இன்ஃபுளுயென்சா பரவிய அதே ஆண்டில் பருவ மழையும் பொய்த்து, தானிய விலை ஏறியது. அந்நோயில் இந்தியாவில் மட்டும் ஒரு கோடிக்கும் மேற்பட்டோர் இறந்தனர். பட்டினியால் மெலிந்த உடம்பை நோய் எளிதில் கொண்டு போயிற்று.

2020-இல் நம்மவர் பலரின் ரேஷன் அட்டை ஊரில் இருந்தது. ஆள் இங்கே இருந்தார். இப்போது அந்தக் குறை ஓரளவு நீங்கியுள்ளது. ஒரே நாடு ஒரே ரேஷன் திட்டத்தில் தமிழ்நாடு 2020 அக்டோபரில் சேர்ந்தது. 2022 ஜூனில் எல்லா மாநிலங்களும் சேர்ந்துவிட்டன. மத்திய உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வரும் அட்டை என்றால் ஆதார் கைரேகை வைத்து இங்கேயே அரிசி, கோதுமை வாங்கலாம். உங்கள் வீட்டில் வேலை செய்யும் அம்மாவுக்கும், கட்டடத்துக் காவலாளிக்கும் இதைச் சொல்லுங்கள். தெரியாமல் இருப்பவர்கள் ஏராளம்.

நம் சங்கத்துக்கு மூன்று யோசனைகள் சொல்கிறேன். முதலாவது, தனியே வாழும் முதியோர், மெஸ்ஸை நம்பியுள்ள இளைஞர், அன்றாடக் கூலி வேலை செய்வோர் ஆகியோர் பட்டியலைச் சாதாரண நாளிலேயே பேட்டை வாரியாகத் தயார் செய்வது. நோய் வந்த பிறகு பட்டியல் எடுக்க முடியாது. இரண்டாவது, பேட்டைக்கு ஒரு மளிகைக் கடைக்காரரிடம் பேசி வைத்து, முடக்கம் வந்தால் 15 நாள் சாமானைக் கடனாகக் கொடுக்க ஏற்பாடு செய்வது. பணத்தைச் சங்கம் பிறகு கட்டும். மூன்றாவது, பழைய பிடியரிசி வழக்கத்தை மீண்டும் கொண்டு வருவது. தினமும் உலையில் போடும்போது ஒரு பிடி தனியே எடுத்து வைக்கும் அந்த வழக்கத்தில், பிடி 40 கிராம் என்று வைத்தாலும் மாதம் ஒரு கிலோவுக்கு மேல் சேரும். 100 வீடு சேர்ந்தால் மாதம் நூறு கிலோவுக்குக் குறையாது. இதற்கு யாரும் நன்கொடைப் புத்தகம் தூக்கிக்கொண்டு அலைய வேண்டாம்.

எங்கள் நெறியில் நான்கு தானங்களைச் சிறப்பித்துச் சொல்வார்கள்: உணவு, மருந்து, கல்வி, அடைக்கலம். கொள்ளை நோய் வந்தால் இந்த நான்கும் ஒரே நாளில் நம் வாசலில் வந்து நிற்கும். தன் வீட்டுக்கு வேண்டியதை முன்பே அளந்து வைத்துக்கொண்டவர்தான் அன்று கதவைத் திறந்து "வாங்க" என்று சொல்ல முடியும். வீட்டில் ஒன்றுமே இல்லாதவர் கடைக்கு ஓடுவார். அளவுக்கு மேல் அடுக்கி வைத்தவர், யார் கேட்டுவிடுவார்களோ என்று கதவைச் சாத்துவார்.

ஆகவே கேள்விக்கு என் விடை இது. சேர்த்து வையுங்கள்: இரண்டு வாரத்துக்கு, நோய் இல்லாத நாளில், மாதம் கொஞ்சமாக. நோய்ச் செய்தி வந்த அன்று கடைக்குப் போகாதீர்கள். அன்று கடை, இல்லாதவருக்கு உரியது. அடுத்த மாதச் சாமான் பட்டியல் எழுதும்போது அரிசியில் 2 கிலோவும் பருப்பில் அரை கிலோவும் கூட்டி எழுதிப் பாருங்கள்.